பிளானில் இல்லாத திண்ணை

எங்கள் பக்கத்தில் வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்த பெண்களிடம் "வீடு எப்படி?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "வீடு நல்லது, கடன்தான் இன்னும் முடியேல்லை." இன்னும் கொஞ்ச நேரம் இருந்து தேத்தண்ணி குடித்துக் கதைத்தால் இரண்டாவது பதில் வரும். "குசினிக்குள்ள நின்றால் படலையில ஆர் வாறதெண்டு தெரியுதில்லை." கடனைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். இந்தமுறை நான் எழுத நினைப்பது இரண்டாவது பதிலைப் பற்றி.

படலையில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பது அவ்வளவு பெரிய விடயமா என்று சிலர் நினைக்கலாம். எங்களுக்குப் பெரிய விடயம்தான். வருகிறவர் கடன் காசு கேட்கும் பொடியனாக இருக்கலாம். விசாரிக்க வந்த ஆளாக இருக்கலாம். தனியாக இருக்கும் பெண் என்று தெரிந்து வருகிற யாராவதாக இருக்கலாம். காணாமற்போன கணவராகவும் இருக்கலாம். என்னுடைய கணவர் 2009 சித்திரைக்குப் பிறகு இல்லை. மாமி இன்றைக்கும் பின்னேரங்களில் படலையைப் பார்த்தபடிதான் வெற்றிலை இடிப்பா.

போருக்கு முந்திய எங்கள் வீடு மண்வீடு. சாணமிட்ட தரை, அரைச்சுவர் வைத்த தலைவாசல், கிடுகுக் கூரை. குசினி பின்பக்கம் தனியாக இருந்தது. அதன் அரைச்சுவருக்கு மேலால் பார்த்தால் முற்றமும் படலையும் தெரியும். அரிசி களைந்துகொண்டே வருகிற ஆளைப் பார்த்து "இருங்கோ, வாறன்" என்று சொல்லலாம். அந்த வீட்டை எந்தக் கட்டடக் கலைஞரும் வரையவில்லை. ஆனாலும் அதைக் கட்டியவர்களுக்கு ஒரு பெண்ணின் நாள் எப்படிப் போகும் என்று தெரிந்திருந்தது.

அந்த வீட்டுக்குப் பிறகு நாங்கள் கட்டியதெல்லாம் பங்கர்தான். கட்டடக்கலை என்று எழுதும்போது பங்கரை விட்டுவிட முடியாது. வன்னியில் ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் கையால் கட்டிய கட்டடம் அது. பனங்குற்றி கிடைத்த இடத்தில் பனங்குற்றி, தென்னை கிடைத்த இடத்தில் தென்னை. மாத்தளன் பக்கம் கடற்கரை மணலுக்குள் வந்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை. மணலை வெட்ட வெட்டச் சரிந்தது. அப்போதுதான் சேலைகளைக் கிழித்துப் பை தைத்து மண் நிரப்பி அடுக்கினோம். என் கூறைச்சேலையும் அதில் போனது. தங்கச்சரிகை பிடித்த மண்மூட்டை என்று என் அக்கா அந்த நேரத்திலும் பகிடி விட்டவ.

பங்கர் எங்களுக்கு ஒரு பழக்கத்தைத் தந்துவிட்டுப் போய்விட்டது. என் மூத்த மகளுக்கு அப்போது 7 வயது. புதுவீடு கட்டி முடிந்த பிறகும் நடுஅறைக்குள் படுக்கமாட்டாள். விறாந்தையில், சுவரோடு ஒட்டி, கதவுப் பக்கம் தலை வைத்துத்தான் படுப்பாள். ஓடுவதற்கு வழி இருக்க வேண்டும் அவளுக்கு. என் சிநேகிதியின் மகனுக்கு இதற்கு நேர்மாறு. யன்னல் இல்லாத மூலை கிடைத்தால்தான் அவனுக்கு நித்திரை வரும். ஒரே போரில் ஒரே கடற்கரையில் இருந்த இரண்டு பிள்ளைகள். இந்த இரண்டு பேருக்கும் ஒரே பிளானில் வீடு கட்டினால் ஒருவருக்காவது அது பொருந்தாது.

மெனிக் பாம் முகாமைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. அங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, இல்லாதவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. கட்டடம் சம்பந்தமான ஒன்றை மட்டும் சொல்கிறேன். வரிசை வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள். எல்லாம் ஒரே மாதிரி. பொழுதுபட்டால் சின்னப் பிள்ளைகள் தங்கள் கூடாரம் எதுவென்று தெரியாமல் அழுவார்கள். தாய்மார் வாசலில் பழைய துணி, தகரப்பேணி, மஞ்சள் பிளாஸ்ரிக் வாளி என்று ஏதாவது ஒரு அடையாளம் கட்டினார்கள். சிலர் வாசலில் ஒரு சாண் அகலத்துக்கு மண் குழைத்துத் திண்ணை மாதிரி மெழுகினார்கள். நாளைக்கு எங்கே கொண்டுபோவார்கள் என்று தெரியாத இடத்திலும் மெழுகினார்கள். முகாமின் வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். ஆனந்த குமாரசுவாமி இந்த நாட்டின் கைவினைகளையும் பழைய கலைகளையும் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதிய மனிதர். அவருடைய பெயரில் தறப்பாள் கூடாரங்கள். 2012 செப்ரெம்பரில் அந்த முகாமை மூடினார்கள்.

நாங்கள் 2010இல் ஊருக்கு வந்தோம். முதலில் தகரக் கொட்டில். பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. மொத்தம் 50,000 வீடுகள். பெரும்பகுதி வடக்குக்கும் கிழக்குக்கும், 4,000 வீடுகள் மலையகத்துக்கும். முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தகாரர்கள் கட்டினார்கள். 2012 ஒக்ரோபரில் தொடங்கிய இரண்டாவது கட்டத்தில் முறை மாறியது. ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, கட்டம் கட்டமாக அவரவர் வங்கிக் கணக்குக்கு வரும். அத்திவாரம் முடிந்தால் ஒரு பங்கு, சுவர் எழும்பினால் ஒரு பங்கு. வீட்டுக்காரரே மேசன் பிடித்து, சாமான் வாங்கி, நின்று கட்டுவிக்க வேண்டும். ஆகக் குறைந்தது 550 சதுர அடி.

இந்த முறையில் இருந்த கஷ்டத்தை நான் மறைக்கமாட்டேன். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வீடு கட்டினால் மேசனுக்கு எங்கே போவது? மணல் விலை கிழமைக்குக் கிழமை ஏறியது. ஆண் துணை இல்லாத வீடு என்றால் கல் ஏற்றி வரும் லொறிக்காரன்கூட அரை லோட்டைத் தட்டிவிட்டு முழு லோட் என்பான். காசு போதாமல் தோட்டை அடைவு வைத்தேன். பலர் கிழமைக் கடன் எடுத்தார்கள். அந்தக் கடன் சில வீடுகளில் என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த முறைதான் நல்லது என்பேன். ஏனென்றால் எனக்கு மேசனோடு சண்டை பிடிக்க முடிந்தது.

சண்டை திண்ணைக்காகத்தான் வந்தது. மாமி பிளானைப் பார்க்கவில்லை. அத்திவாரக் கயிறு கட்டின அன்று வந்து நடுவில் நின்று, "பிள்ளை, நான் எங்க இருக்கிறது?" என்று கேட்டா. அறையைக் காட்டினேன். "படுக்கிற இடத்தையே கேட்டனான்? இருக்கிற இடத்தைக் கேட்டனான்" என்றா. மேசன் தம்பி, "அம்மா, திண்ணை பிளானில இல்லை. பிறகு காசு விடமாட்டாங்கள்" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் முன்விறாந்தையை இரண்டரை அடி நீட்டி, பழைய வீட்டின் அத்திவாரத்தில் கிடந்த கற்களைக் கிளப்பி ஒரு திண்ணை போட்டோம். குசினி யன்னலையும் பின்பக்கத்திலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றினோம். இப்போது அடுப்படியில் நின்றபடி படலையின் பாதி தெரியும். முழுப் படலையும் தெரிய வேண்டும் என்றால் மல்லிகைப் பந்தலை வெட்ட வேண்டும், அதற்கு நான் சம்மதிக்கவில்லை.

அந்தத் திண்ணைக்கு மொத்தம் மூன்று பை சீமெந்து போனது. மாமி திண்ணையில் இருக்கத் தொடங்கிய பிறகு பக்கத்து வளவு ஆச்சியும் வந்து இருக்கத் தொடங்கினா. பிறகு இன்னொருவர். அவர்கள் அழுதால் அங்கேதான் அழுவார்கள். உளவளத்துணைக்கு வருகிற தங்கச்சி ஒருநாள் சொன்னா, "அக்கா, அலுவலகத்தில் கதிரை போட்டுக் கேட்டால் வாய் திறக்காதவையள் இங்க வந்து எல்லாம் சொல்லுகினம்." கதிரையில் இருந்தால் ஆளை நேரே பார்க்க வேண்டும். திண்ணையில் எல்லோரும் ஒரே பக்கம், தெருவைப் பார்த்து இருப்பார்கள். தெருவைப் பார்த்துக்கொண்டு சொல்லும்போது சில விடயங்கள் வாயில் வரும்.

நாங்கள் வீடு கட்டி முடித்த பிறகு இரும்பு வீட்டுக் கதை வந்தது. போரால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 65,000 இரும்பு வீடுகள் பொருத்தித் தருவதாக 2015இல் அரசாங்கம் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆர்செலர் மிட்டல் என்ற வெளிநாட்டு உருக்குக் கம்பனிதான் செய்வதாக இருந்தது. ஒரு வீட்டின் செலவு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா என்று சொல்லப்பட்டது. அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாம் என்று மக்கள் சொன்னார்கள், பொறியியலாளர்களும் சொன்னார்கள். வெக்கை, துருப்பிடித்தல், பிறகு ஒரு அறை சேர்த்துக் கட்ட முடியாமை, விறகடுப்புக்கு இடமில்லாமை என்று எதிர்ப்புகள் வந்தன. 65,000 வீடுகள் என்ற அந்தத் திட்டம் நடக்கவில்லை.

அந்த நேரத்தில் எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு இளம்தாய், "எனக்கு இரும்பு வீடெண்டாலும் தாங்கோ, தகரத்துக்குள்ள ஆறு வருசம்" என்று அழுதா. அவவைப் பார்த்து இரும்பு வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லாதவருக்குத் தெரிவு செய்யும் உரிமை இல்லை என்று நினைத்து வருகிற திட்டங்களைத்தான் நான் வெறுக்கிறேன். சேர்த்துக் கட்ட முடியாத வீட்டில் பிள்ளைக்குக் கலியாணம் செய்துவைத்து எங்கே இருத்துவது? ஒரு குடும்பம் இனி வளராது என்று நினைத்து வரைந்த வீடு அது.

இலங்கையில் இதை வேறு விதமாகச் செய்து காட்டியவர் ஒரு பெண். மினெற் டி சில்வா, 1918இல் பிறந்தவர், கண்டிக்காரி, இந்த நாட்டின் முதல் பெண் கட்டடக் கலைஞர். 1950களின் பிற்பகுதியில் கண்டிக்குப் பக்கத்தில் வட்டப்புளுவவில் அரசாங்க ஊழியர்களுக்காக ஒரு வீட்டுத்திட்டத்தை வடிவமைத்தார். அதில் குடியேற இருந்தவர்கள் பல இனத்தவர், பல சமயத்தவர். வரைவதற்கு முன் அவர் அந்தக் குடும்பங்களிடம் கேள்விகள் கேட்டார். எப்படிச் சமைக்கிறீர்கள், எப்படி வாழ்கிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்டு, சில மாதிரிகளை வரைந்து, அவற்றைக் குடும்பத்துக்கேற்ற மாதிரி மாற்றிக் கொடுத்தார். 1958இல் இந்த நாட்டில் இனக்கலவரம் நடந்தது. அந்தக் காலத்தில்தான் ஒரு பெண் சிங்கள வீட்டுக்கும் தமிழ் வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் என்ன வித்தியாசம், என்ன ஒற்றுமை என்று தாள் எடுத்துக் குறித்துக்கொண்டிருந்தார். எங்களிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

வீட்டை விட்டு வெளியே வருவோம். பிரிந்து கிடந்த நாட்டின் கட்டடம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஓமந்தைதான். 2002இல் ஏ9 வீதி திறந்தபோது புளியங்குளத்தில் ஒரு சோதனைச்சாவடி, ஓமந்தையில் ஒன்று, நடுவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் இடம். தகரக் கூரை, தார்ப் பீப்பாய்கள், மரத்தடுப்புகள், பெண்களைச் சோதிக்கத் துணி மறைப்புப் போட்ட சின்ன அறைகள். ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய அகலத்தில் பாதை. நான் வயிற்றில் பிள்ளையோடு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தப் பாதையில் பக்கவாட்டாகத்தான் நடக்க முடிந்தது. கர்ப்பிணி ஒருத்தி அதால் வருவாள் என்று அதை அமைத்தவர்கள் நினைக்கவில்லை. ஓமந்தைச் சாவடி 2015 ஓகஸ்டில்தான் அகற்றப்பட்டது. இப்போது பஸ் நிற்காமல் போகிறது. ஆனால் கவனித்துப் பாருங்கள், அந்த இடம் வரும்போது நித்திரையாக இருக்கிற வயதானவர்கள் எழும்பிவிடுவார்கள். சிலரின் கை அடையாள அட்டையைத் தடவும்.

சந்திரகுப்த தேனுவர என்ற சிங்கள ஓவியர் இந்தப் பீப்பாய்களையே தன் ஓவியங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் பொருளாக எடுத்தவர். 1990களின் கடைசியில் கொழும்பில் எங்கு பார்த்தாலும் இராணுவ நிறம் அடித்த பீப்பாய்கள் நின்றன. அவற்றைக் கொழும்பு ஆட்கள் பழகிப்போய்ப் பார்க்காமல் போனார்கள், இவர் பார்த்தார். இவரைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது.

போர் முடிந்ததும் வன்னியில் வேகமாக எழும்பியவை நினைவுச் சின்னங்கள். நாங்கள் கொட்டிலில் இருந்தபோதே அவை பளிங்கில் எழும்பிவிட்டன. கிளிநொச்சி நடு ரவுணில் ஒரு பெரிய சீமெந்துக் கட்டி, அதைத் துளைத்து வெடிக்கப்பண்ணும் பீரங்கிக் குண்டு, உச்சியில் ஒரு தாமரை. புதுக்குடியிருப்புப் பக்கம் தண்ணீருக்கு நடுவில் துவக்கும் கொடியும் பிடித்த படைவீரன். கிளிநொச்சியில் விழுந்துபோன தண்ணீர்த் தாங்கி பல வருடங்கள் வீதியோரத்தில் கிடந்தது, தென்னிலங்கையிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். அந்தத் தாங்கியின் தண்ணீரைக் குடித்தவர்கள் நாங்கள். அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்க எங்களுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

வந்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பஸ்களில் வந்த அம்மாமாரில் எத்தனை பேர் பிள்ளையை இந்த மண்ணில் இழந்தவர்களோ. ஆனால் அந்தச் சீமெந்துக் கட்டிக்கு முன்னால் அவர்களும் நாங்களும் சேர்ந்து நிற்க முடியாது. அது அவர்களுக்கு வென்றோம் என்று சொல்கிறது, எங்களுக்குத் தோற்றீர்கள் என்று சொல்கிறது. பிள்ளை எங்கே என்று இரண்டு பேரும் கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

எங்கள் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். துயிலும் இல்லங்களை போருக்குப் பிறகு இடித்துத் தள்ளினார்கள். 2016 கார்த்திகையில் கனகபுரத்தில் சனங்கள் பற்றையை வெட்டித் துப்பரவாக்கி, உடைந்த கல்லறைத் துண்டுகளைக் கூட்டி விளக்கேற்றினார்கள். கல்லுக்கு இடம் தெரியாத தாய் ஒரு துண்டைத் தொட்டு இது என் பிள்ளையுடையது என்று வைத்துக்கொண்டா. அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு ஒரு கல் என்றால் என்ன என்று விளங்கியிருக்கும். ஆனால் ஒரு விடயம் என் மனதில் எப்போதும் கிடக்கிறது. போராடப் போன பிள்ளைகளுக்குக் கல் இருந்தது. பங்கருக்குள் செத்த என் அக்காவின் இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கல் ஒருநாளும் இருந்ததில்லை, இடிப்பதற்குக்கூட இல்லை.

இடித்ததைத் திருப்பிக் கட்டினால் மனம் ஆறுமா என்ற கேள்விக்கு யாழ்ப்பாண நூலகத்தைத்தான் பார்க்க வேண்டும். 1959இல் திறந்த நூலகம். வடிவமைத்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். 1981 மே 31 இரவு எரித்தார்கள். 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் போயின. அதற்குப் பிறகு ஒரு பெரிய வாதம் நடந்தது. எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவாக வைத்துக்கொண்டு பக்கத்தில் புதியதைக் கட்டவேண்டும் என்று ஒரு பகுதியினர். முன்பு இருந்த மாதிரியே திருப்பிக் கட்ட வேண்டும் என்று இன்னொரு பகுதியினர். 1990களின் பிற்பகுதியில் தெற்கில் புத்தகமும் செங்கல்லும் சேர்க்கும் இயக்கம் நடந்தது. கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா பழைய வடிவத்திலேயே அதை மீட்டார். 2003இல் திறப்பு விழா எதிர்ப்பினால் நின்றுபோய், பிறகு விழா இல்லாமலே கதவு திறந்தது.

நான் முதன்முதல் அங்கே போனது மகளின் பள்ளிக்கூடச் சுற்றுலாவோடு. வெள்ளை வெளேரென்று நிற்கிறது. உள்ளே பிள்ளைகள் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஆனால் மகள், "அம்மா, எரிச்ச இடம் எங்க?" என்று கேட்டாள். காட்ட என் கண்ணுக்கு ஒரு கரிச்சுவர்கூட அகப்படவில்லை. முழுவதையும் கரியாக விட்டிருந்தால் பிள்ளைகளுக்குப் படிக்க இடமிருந்திராது, அதனால் திருப்பிக் கட்டியதுதான் சரி. ஒரேயொரு சுவரை மட்டும் பூசாமல் விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

பேர்லினில் அப்படி ஒன்று செய்திருக்கிறார்கள். நகரத்தை இரண்டாகப் பிரித்து 1961இல் மதில் கட்டியபோது ஒரு தேவாலயம் மதிலுக்கு நடுவில், யாரும் போகமுடியாத கொலைப்பாதைக்குள் அகப்பட்டுக்கொண்டது. அதன் பெயரே நல்லிணக்கத் தேவாலயம். 1985இல் கிழக்கு ஜேர்மன் அரசு அதை வெடி வைத்துத் தகர்த்தது. நாலு வருடத்தில் மதிலே விழுந்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் அதே இடத்தில் ஒரு சின்னத் தேவாலயம் கட்டினார்கள், இடித்துக் கட்டிய மண்சுவரால். பழைய தேவாலயத்தின் உடைந்த கல்லையும் ஓட்டையும் நொறுக்கி அந்த மண்ணோடு கலந்தார்கள். சுவரைப் பார்த்தால் அந்தத் துண்டுகள் தெரியும். மண்ணால் சுவர் வைப்பது எப்படி என்று எங்கள் ஆச்சிமாருக்கு யாரும் ஜேர்மனியிலிருந்து வந்து சொல்லித்தரத் தேவையில்லை. பழைய வீட்டின் கல்லை எடுத்துத் திண்ணை போட்டபோது நானும் அதையேதான் செய்திருக்கிறேன் என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

தேனுவரவிடம் திரும்பி வருகிறேன். தெற்கில் 1980களின் கடைசியில் ஆயிரக்கணக்கான சிங்களப் பிள்ளைகள் காணாமலாக்கப்பட்டார்கள். அவர்களுக்காக சீதுவைக்குப் பக்கத்தில் ரத்தொலுவச் சந்தியில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, 2000ஆம் ஆண்டில் திறந்தது. அதை வடிவமைத்தவர் இவர். சுவரில் காணாமற்போனவர்களின் படங்கள் வரிசையாகப் பதித்திருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் ஒக்ரோபர் 27இல் குடும்பங்கள் பூவோடு அங்கே வருகின்றன. எங்கள் பக்கத்துத் தாய்மாரும் போய்வந்திருக்கிறார்கள். அங்கே எழுதியிருக்கும் சிங்களம் எனக்கு வாசிக்க வராது. படத்துக்கு முன்னால் நிற்கிற அம்மாவின் நிலை எனக்கு நன்றாக வாசிக்க வரும். நாங்களும் இப்படித்தான் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். இந்த நாட்டில் இரண்டு பக்கத்துத் தாய்மாரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக்கூடிய கட்டடம் என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதில் துவக்கும் இல்லை, கொடியும் இல்லை.

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 மாசி 20ஆம் திகதி காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் போட்ட கொட்டகையையும் நான் கட்டடம் என்றே சொல்வேன். தடியும் தகரமும் தறப்பாளும்தான். உள்ளே படங்கள். வருடக்கணக்கில் தாய்மார் அங்கே முறைவைத்து இருந்தார்கள், சிலர் இருந்தபடியே வயதாகிச் செத்தும் போனார்கள். அந்தக் கொட்டகைக்குள் வெயில் இறங்கும். மழைக்கு ஒரு பக்கம் ஒழுகும். ஆனால் வீட்டில் வாய் திறக்காத பெண் அங்கே போய் இருந்தால் பக்கத்தில் இருக்கிறவளுக்கும் அதே கதை. எங்கள் வீட்டுத் திண்ணை மாதிரித்தான், வீதியைப் பார்த்தபடி.

நினைவுக்குக் கட்டுவது எப்படி என்று எங்கள் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. சுமைதாங்கியைப் பாருங்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காகத் தெருவோரத்தில் அதைக் கட்டுவார்கள். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவள் அவள், அவள் பெயரால் வழியில் வருகிறவர்கள் தங்கள் சுமையை இறக்கி வைத்து ஆறிப்போகட்டும் என்று. அதோடு சேர்ந்து மாடு உரஞ்ச ஆவுரஞ்சிக் கல்லும், தண்ணீருக்குக் கேணியும், இருக்க மடமும் இருக்கும். பருத்தித்துறையில் வீதிக்கு மேலாகவே கூரை போட்ட தெருமூடிமடம் இன்றைக்கும் நிற்கிறது. இரண்டு பக்கமும் திண்ணை, நடுவால் வீதி. நீ எந்த ஊர், எந்தச் சமயம், எந்தப் பக்கம் என்று அந்தத் திண்ணை கேட்பதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் கண்ட பல சுமைதாங்கிகள் வீதி அகலித்தபோது போய்விட்டன என்பது வேறு துக்கம்.

எங்கள் மாதர் சங்கத்தில் போன தைமாதம் இந்தக் கதை வந்தது. குளக்கட்டு இறக்கத்தில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாலை மரம் இருக்கிறது. அதன் கீழே ஒரு சின்ன மடம் கட்டலாம் என்று. சிலை வேண்டாம், பெயர்ப் பலகையும் வேண்டாம் என்றோம். பெயர் எழுதத் தொடங்கினால் யாருடைய பெயர், எந்த மொழி, யாரை விடுவது என்று சண்டை வரும். ஒருநாள் இரவோடு இரவாக வந்து உடைத்துவிட்டும் போகலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 2021 தை 8ஆம் திகதி இரவு முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபிக்கு நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. சித்திரையில் அதைத் திருப்பிக் கட்டிவிட்டார்கள், சரி. ஆனால் எங்களிடம் திருப்பிக் கட்டக் காசில்லை.

பெயர் இல்லாமல் ஒரு மடம் என்றால் அது எப்படி நினைவாகும் என்று ஒரு அக்கா கேட்டா. அவவின் இரண்டு பெடியளும் இல்லை. "என்ர பிள்ளையளின்ர பேரை ஒரு இடத்திலயாவது எழுதிப் பார்க்கவேணும் தங்கச்சி" என்றா. அதற்கு எங்களில் யாரிடமும் பதில் இருக்கவில்லை, அன்றைய கூட்டம் அதோடு கலைந்தது. அடுத்த கூட்டத்தில் மாமி ஒரு யோசனை சொன்னா. சுவருக்கு வைக்கிற கல்லை ஒவ்வொரு வீட்டிலும் இருந்து கொண்டுவருவது, உடைந்த பழைய வீட்டின் கல், அதன் உட்பக்கத்தில் அவரவர் விரும்பிய பெயரைக் கரியாலோ ஆணியாலோ எழுதி, எழுதிய பக்கத்தை உள்ளுக்கு வைத்துக் கட்டுவது. வெளியே தெரியாது. வைத்தவளுக்கு எந்தக் கல் என்று தெரியும். அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை, எழும்பியும் போகவில்லை.

இடம் இன்னும் எழுத்தில் கிடைக்கவில்லை. கமக்காரர் சங்கத்திலும் பிரதேச செயலகத்திலும் கேட்டிருக்கிறோம். அளவு மட்டும் முடிவாகிவிட்டது. சுமைதாங்கியை நின்றபடி தலைச்சுமை இறக்கும் உயரத்துக்குக் கட்டுவார்கள், இப்போது தலையில் சுமை கொண்டுபோகிறவர்கள் குறைவு. அதனால் திண்ணை ஒன்றேகால் அடி உயரம், வயதானவர்கள் கால் நிலத்தில் படும்படி இருக்க. ஒரு மூலையில் விளக்கு வைக்க மாடம். தண்ணீர்ப் பானைக்கு ஒரு தட்டு. அகலம் இரண்டு ஆள் நீளத்துக்கு, படுக்க வேண்டி வந்தால் படுக்கலாம். முன்பக்கம் சுவர் இல்லை. அங்கே இருந்தால் இரண்டு பக்கத்தாலும் பஸ் வருவது தெரியும், இறங்குகிறவர் யார் என்பதும் தெரியும்.